பீப்பாயில் இருக்கும்போதே வாங்குவது எப்படி? போர்தோ சிவப்பு ஒயினுக்கு முன்பணம் கட்டுவோருக்கு ஒரு வழிகாட்டி

மாம்பூவைப் பார்த்தே தோப்புக்கு விலை பேசுகிறவர்கள் உண்டு. பூ பிஞ்சாகி நின்றால் ஆதாயம்; ஒரு சூறைக்காற்று அடித்தால் போட்ட பணம் போயிற்று. பிரான்சின் தென்மேற்கில் இருக்கும் போர்தோவிலும் ஒரு காலத்தில் வியாபாரிகள் கொடியில் தொங்கும் திராட்சைக்கே விலை பேசினார்கள். இன்று அந்தப் பேரம் ஒரு கட்டம் தள்ளி நடக்கிறது. திராட்சையைப் பறித்து, நொதிக்கவிட்டு, பீப்பாயில் ஏற்றிய பிறகு, ஆனால் பாட்டிலில் அடைப்பதற்கு ஓராண்டுக்கும் முன்பே விற்பனை முடிந்துவிடும். இதற்கு ‘ஆன் ப்ரிமர்’ என்று பெயர். லண்டனிலோ பாரிசிலோ இருக்கும் சாதாரண வாடிக்கையாளரும் இப்படி வாங்கலாம். பணம் இன்று, சரக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து.

வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் “ஒயின் நன்றாக இருக்குமா?” என்றுதான் தொடங்குகிறார்கள். அது இரண்டாவது கேள்வி. “இன்றைக்கே பணம் கட்ட என்ன காரணம்?” என்பதே முதல் கேள்வி. கீழே வரும் ஒன்பது படிகளிலும் இந்தக் கேள்வி உங்களோடு கூடவே வரட்டும். கணக்குகளை இங்கிலாந்தில் வாங்குகிறவரை மனத்தில் வைத்துப் போட்டிருக்கிறேன். மற்ற நாடுகளில் வரி மாறும், வழி மாறாது.

படி 1: நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்

செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. குளிர்காலத்தில் புது ஒயின் 225 லிட்டர் ஓக் பீப்பாய்களில் ஏறும். ஒரு பீப்பாய்க்கு 300 பாட்டில் கணக்கு. அடுத்த வசந்தத்தில், ஏப்ரலை ஒட்டி, உலகெங்கிலுமிருந்து வியாபாரிகளும் விமர்சகர்களும் போர்தோவில் கூடி, பீப்பாயிலிருந்து எடுத்த மாதிரிகளைச் சுவைத்துப் பார்ப்பார்கள். அதன்பின் ஜூன் வரை ஒவ்வொரு ஷாத்தோவாக விலை அறிவிக்கும். ஷாத்தோ என்றால் கோட்டை என்று பொருள். இங்கே திராட்சைத் தோட்டமும் ஒயின் கூடமும் சேர்ந்த பண்ணையை அப்படிச் சொல்கிறார்கள்.

2022 அறுவடையை எடுத்துக்கொண்டால், 2023 வசந்தத்தில் சுவைத்தார்கள், கோடைக்குள் விற்றார்கள், 2024இல் பாட்டிலில் அடைத்தார்கள். வாடிக்கையாளர் கைக்கு வந்தது 2025 வாக்கில்.

நடுவில் இருப்பவர்களையும் அறிந்துகொள்ளுங்கள். ஷாத்தோ நேரடியாக உங்களிடம் விற்பதில்லை. ‘கூர்த்தியே’ எனப்படும் தரகர் 2 சதவீதத் தரகு வாங்கிக்கொண்டு, சரக்கை ‘நெகோசியான்’ எனப்படும் மொத்த வணிகரிடம் சேர்ப்பார். அவரிடமிருந்து உங்கள் ஊர் ஒயின் வணிகர் வாங்குவார். அவரிடமிருந்து நீங்கள். இந்த வலைக்குத்தான் ‘பிளாஸ் தெ போர்தோ’ என்று பெயர். பெயரில் இடம் இருந்தாலும் போய்ப் பார்க்கக் கட்டடம் எதுவும் கிடையாது. தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் நடக்கும் சந்தை அது. சங்கிலியில் இத்தனை கைகள் இருப்பதால், எங்கே ஒரு கண்ணி அறுந்தாலும் அடி விழுவது கடைசியில் நிற்கும் உங்களுக்குத்தான். ஆறாம் படியில் இதற்குத் திரும்பி வருவோம்.

படி 2: காரணத்தை எழுதி வையுங்கள்

முன்கூட்டி வாங்க நியாயமான காரணங்கள் நான்குதான்.

முதலாவது, விலை. பாட்டிலாகிக் கடைக்கு வந்தபின் இதைவிடக் கூடுதலாகத்தான் விற்கும் என்று நம்ப ஆதாரம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அருமை. பொமரோல் பகுதியில் லெ பேன் என்னும் தோட்டம் மூன்று ஹெக்டேருக்கும் குறைவு. புகழ்பெற்ற பெத்ரூஸே சுமார் 11.5 ஹெக்டேர்தான். இப்படிப்பட்ட ஒயின் பிறகு கடையில் கிடைக்கும் என்று காத்திருக்க முடியாது. மெடோக் பகுதியின் பெரிய ஷாத்தோக்கள் கதை வேறு. அங்கே ஓர் ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்டில்கள் வெளிவருவது சாதாரணம். ஐந்து ஆண்டு கழித்தும் கிடைக்கும்.

மூன்றாவது, பாட்டிலின் அளவு. இன்னும் அடைக்கவில்லை என்பதால், அரை பாட்டிலிலோ 1.5 லிட்டர் மேக்னத்திலோ அடைத்துத் தரும்படி இப்போது கேட்கலாம். பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். ஒயின் பெரிய பாட்டிலில் மெதுவாகவும் சிறிய பாட்டிலில் வேகமாகவும் முதிரும். குழந்தை பிறந்த ஆண்டின் ஒயினை அதன் திருமணம்வரை வைத்திருக்க நினைப்பவர்கள் மேக்னத்தைக் கேட்பது இதனால்தான்.

நான்காவது, பூர்வீகம். ஷாத்தோவிலிருந்து நேராகக் கிடங்குக்கு வந்து, யார் வீட்டு வெயிலிலும் படாமல் கிடந்த சரக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியும். நாளை விற்க நேர்ந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

இந்த நான்கில் ஒன்றும் பொருந்தவில்லையா? அந்த ஆண்டு வாங்க வேண்டாம். பாட்டில் வரட்டும், சுவைத்துப் பார்த்து வாங்கலாம்.

படி 3: எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்

போர்தோவின் சிவப்பை ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. கரோன் ஆற்றுக்கும் ஜிரோந்து கழிமுகத்துக்கும் இடக்கரையில் மெடோக், கிராவ் பகுதிகள். சரளைக்கல் மண், கேபர்நே சோவினியோன் திராட்சையின் ஆட்சி. இளமையில் துவர்ப்பு நாக்கைப் பிடிக்கும். மெடோக்கின் பொயாக் ஊரில் நல்ல ஆண்டில் விளைந்த ஒயினுக்குப் பத்து, பதினைந்து ஆண்டுப் பொறுமை வேண்டும். தோர்தோன்ய் ஆற்றின் வலக்கரையில் சேந்தெமிலியோன், பொமரோல். களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த நிலம். அங்கே மெர்லோதான் முதன்மை. சதைப்பற்றான சுவை, பொதுவாகச் சற்று முன்னதாகவே குடிக்கப் பதமாகும்.

விளம்பரங்களில் ‘1855 வகுப்பு’ என்று அடிக்கடி வரும். அந்த ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகப் போர்தோ தரகர்கள், மெடோக் ஷாத்தோக்களையும் கிராவின் ஓ பிரியோனையும் ஐந்து வகுப்பாக அடுக்கினார்கள். அவர்கள் எடுத்த அளவுகோல் சந்தையில் ஒவ்வொன்றும் பெற்றுவந்த விலை. 1973இல் மூத்தோன் ரோத்சீல்டு முதல் வகுப்புக்கு ஏறியதைத் தவிர அதில் பெரிய மாற்றமில்லை. சேந்தெமிலியோனுக்கு 1955இல் தொடங்கி அவ்வப்போது திருத்தப்படும் தனிப்பட்டியல் இருக்கிறது. பொமரோலுக்குப் பட்டியலே கிடையாது. பெத்ரூஸ் இருப்பதோ அங்கேதான். ஆக, வகுப்பு என்பது பழைய விலைப்பட்டியலின் நிழல். வழி காட்டும், தீர்ப்புச் சொல்லாது.

முதல்முறை வாங்குகிறவர் முதல் வகுப்பு ஐந்தின் பக்கம் போக வேண்டியதில்லை. 1855 பட்டியலில் இல்லாத சோசியாந்தோ மாலே, ஷாஸ் ஸ்ப்ளீன், ஃபெலான் செகூர் போன்ற ஷாத்தோக்கள் பத்தாண்டு தாங்கும் ஒயினை எட்டக்கூடிய விலையில் தருகின்றன.

படி 4: மதிப்பெண்ணை எச்சரிக்கையோடு படியுங்கள்

விமர்சகர் ஏப்ரலில் சுவைப்பது ஆறு மாதக் குழந்தையை. அது இன்னும் ஓராண்டுக்கு மேல் பீப்பாயில் கிடந்து, அடிவண்டலிலிருந்து பலமுறை வேறு பீப்பாய்க்கு மாற்றப்பட்டு, பிறகுதான் பாட்டிலுக்கு வரும். எந்தப் பீப்பாயை எதனோடு கலப்பது என்பதுகூடக் கடைசியில் கொஞ்சம் மாறலாம். இதனால்தான் விமர்சகர்கள் பலர் இந்தக் கட்டத்தில் ஒற்றை எண் தராமல் ‘94–96’ என்று இடைவெளி விட்டுத் தருகிறார்கள். கடைக்காரர் விளம்பரத்தில் 96 மட்டும் தெரிந்தால், 94ஐ நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1982 அறுவடையை அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் தொடக்கத்திலேயே தூக்கிப் பிடித்தார். அந்த ஆண்டு நம்பி வாங்கியவர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். இந்த முன்விற்பனை முறை வியாபாரிகள் வட்டத்தைத் தாண்டிப் பொதுமக்களிடம் பரவியதில் அந்த ஆண்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன்பின் வந்த ஒவ்வொரு விளம்பரத்திலும் ஒரு 1982 ஒளிந்திருக்கிறது. மறுபக்கத்தையும் பாருங்கள். 1972இல் சுமாரான ஒயினுக்கு உச்ச விலை ஏறியது; அடுத்த இரண்டு ஆண்டுக்குள் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து போர்தோ சந்தையையே கவிழ்த்தது. 1997 ஒயின் அதைவிடச் சிறந்த 1996ஐ விஞ்சும் விலைக்கு வந்தது. வாங்கியவர்கள் வெகுகாலம் கையைப் பிசைந்தார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: குறைந்தது மூன்று பேரின் குறிப்புகளைப் படியுங்கள். எண்களைவிடச் சொற்களைக் கவனியுங்கள். மூவரும் ‘துவர்ப்பு கரடுமுரடாக இருக்கிறது’ என்றோ ‘நடுவில் மெலிந்திருக்கிறது’ என்றோ சொன்னால், எண் எவ்வளவு பெரியதானாலும் நின்று யோசியுங்கள். அந்த ஆண்டின் வானிலையையும் பாருங்கள். 2017இல் ஏப்ரல் மாதத்து உறைபனி பல தோட்டங்களின் விளைச்சலைக் கருக்கியது. ஆற்றை ஒட்டிய சில தோட்டங்கள் தப்பின. ‘நல்ல ஆண்டு’, ‘கெட்ட ஆண்டு’ என்ற ஒற்றைச் சொல் எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்தாது.

படி 5: பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள்

மொத்த வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில், நீங்கள் வாங்க நினைக்கும் அதே ஷாத்தோவின் கடந்த எட்டுப் பத்து ஆண்டுகளை வரிசையாக எழுதுங்கள். பக்கத்தில் மதிப்பெண். அதன் பக்கத்தில், இன்று கையிருப்பில் கிடைக்கும் விலை. ஒயின் சர்ச்சர் போன்ற விலை ஒப்பீட்டுத் தளங்களில் இதைப் பார்க்கலாம். வரி சேர்ந்த விலையை வரி சேராத விலையோடு ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இப்போது புது விலையை அந்த வரிசையில் வையுங்கள். ஏற்கெனவே பாட்டிலாகி, முதிர்ந்து, இன்றே எடுத்துக் குடிக்கக்கூடிய ஒரு நல்ல ஆண்டு இதே விலைக்கோ குறைவாகவோ கிடைக்கிறதா? அப்படியானால் புதிய ஆண்டை முன்கூட்டி வாங்க வேலையில்லை. புதியது அந்த வரிசையிலேயே மலிவானதாகவும், தரத்தில் மேல்பாதியிலும் இருந்தால் மட்டுமே பணத்தை எடுங்கள்.

அப்படிப்பட்ட ஆண்டுகள் வராமல் இல்லை. 2020இல் கொரோனா முடக்கத்துக்கு நடுவே 2019 அறுவடை விற்பனைக்கு வந்தபோது, பொந்தே கானே ஷாத்தோ முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 30 சதவீதம் விலையைக் குறைத்தது. 2024 வசந்தத்தில் லாஃபீத் ரோத்சீல்டு தன் 2023 ஒயினை நெகோசியான் விற்கும் விலையாகப் பாட்டிலுக்கு 288 யூரோ என்று அறிவித்தது. முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் குறைவு. எதிர்ப்பக்கம் 2009, 2010 ஆண்டுகள்: அருமையான ஒயின், உச்ச விலை. 2011 நடுவில் சந்தை இறங்கத் தொடங்கியதும் முதல் வகுப்பு ஒயின்களை அந்த விலைக்கு வாங்கியவர்களின் முதலீடு கரைந்தது. ஒயினில் குறையில்லை, கொடுத்த விலைதான் குறை.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். லாத்தூர் ஷாத்தோ 2011 அறுவடையோடு இந்த முறையை விட்டு விலகுவதாக 2012இல் அறிவித்தது. குடிக்கப் பதமாகும்வரை தன் நிலவறையிலேயே வைத்திருந்து பிறகு விற்கிறது. காத்திருப்பதன் ஆதாயத்தை ஏன் வாங்குகிறவருக்கு விட வேண்டும் என்ற கணக்கு அது. விற்கிறவர் அந்தக் கணக்கைப் போடும்போது, நீங்களும் போடுவதில் தவறில்லை.

படி 6: ஒயினைவிட வணிகரைக் கூர்ந்து பாருங்கள்

பணம் கட்டிய நாளில் உங்களிடம் இருப்பது ஒரு ரசீது மட்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் பிரீமியர் க்ரூ என்ற ஒயின் கடை, இப்படி வரவிருக்கும் ஒயின்களை மலிவு விலைக்கு விற்றுவந்தது. 2016 ஜனவரியில் திவாலானது. புது வாடிக்கையாளரிடம் வாங்கிய பணத்தில் பழைய வாடிக்கையாளருக்குச் சரக்கு வாங்கித் தந்தது வெளியே வந்தது. உரிமையாளர் சிறைக்குப் போனார். ஆயிரக்கணக்கானவர்களின் முன்பணம் முழுகியது. ஊரில் ஏலச்சீட்டுக் கம்பெனி ஓடிப்போன கதை கேட்டவர்களுக்கு இது புரியச் சிரமமிருக்காது. அடையாளமும் ஒன்றுதான்: மற்ற எல்லாரையும்விட வெகுவாகக் குறைந்த விலை.

வணிகரிடம் இந்தக் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்:

- இந்த ஒயின் உங்களுக்கு ஒதுக்கீடாகி உறுதியாகிவிட்டதா, அல்லது இனிமேல்தான் வாங்கப் போகிறீர்களா?
- எத்தனை ஆண்டாக ஆன் ப்ரிமர் விற்கிறீர்கள்? இரண்டு, மூன்று ஆண்டுக்கு முன் விற்றவை எல்லாம் கைக்குச் சேர்ந்துவிட்டனவா?
- சரக்கு வந்ததும் கிடங்கில் யார் பெயரில் இருக்கும்? என் பெயரிலா, உங்கள் பெயரிலா?
- காப்பீடு நான் கொடுத்த விலைக்கா, அன்றைய சந்தை விலைக்கா?
- சரக்கு வராவிட்டால் என்ன செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. வணிகர் நொடித்துப்போனால், அவர் பெயரில் கிடக்கும் பெட்டிகளைக் கடன்காரர்கள் கேட்பார்கள். உங்கள் பெயரில், தனி எண்ணோடு பதிவான பெட்டி உங்களுடையது.

இங்கிலாந்தில் கடன் அட்டையில் கட்டுவது நல்லது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்தால், விற்றவர் கைவிட்டாலும் அட்டை நிறுவனத்திடம் ஈடு கேட்க உரிமை தருகிறது.

படி 7: முழுக் கணக்கையும் போடுங்கள்

அறிவிக்கும் விலை பெரும்பாலும் ‘இன் பாண்ட்’ விலை. அதாவது, சுங்கத்துறை அனுமதித்த கிடங்கில் சரக்கு இருக்கும்வரை தீர்வையும் வாட் வரியும் கட்ட வேண்டியதில்லை. வெளியே எடுக்கும் நாளில்தான் கட்ட வேண்டும். பிரான்சில் வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டும்: அங்கேயும் முன்விற்பனை விலை பெரும்பாலும் வரி சேராமல்தான் போடப்பட்டிருக்கும்; 20 சதவீத வரியைச் சரக்கு வரும்போது கேட்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 6 பாட்டில் பெட்டி, இன் பாண்ட் விலை 180 பவுண்டு என்று வைப்போம். ஒரு பாட்டில் 30 பவுண்டு.

- தீர்வை, பாட்டிலுக்குச் சுமார் 3 பவுண்டு வீதம்: 18
- இரண்டும் சேர்ந்த 198 பவுண்டு மீது 20 சதவீத வாட்: 39.60
- கிடங்கு வாடகை ஆண்டுக்கு 10 பவுண்டு என்று கொண்டால் எட்டு ஆண்டுக்கு: 80

மொத்தம் 317.60 பவுண்டு. ஒரு பாட்டில் ஏறத்தாழ 53 பவுண்டு. இதில் வீட்டுக்குக் கொண்டுவரும் செலவும் பத்தாண்டு முடங்கிய பணத்தின் வட்டியும் சேரவில்லை. விலை மலிவான ஒயினில் கிடங்கு வாடகையே ஆதாயத்தைத் தின்றுவிடும் என்பது இதிலிருந்து தெரியும். அப்படிப்பட்டதை வந்தவுடன் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.

படி 8: ஆர்டரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்

போர்தோவில் பெயர்க் குழப்பம் அதிகம். ஃபிழாக் ஒரு ஷாத்தோ; லா தூர் ஃபிழாக் இன்னொன்று; யோன் ஃபிழாக் மற்றொன்று. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முதல் ஒயினா, அதே ஷாத்தோவின் இரண்டாம் ஒயினா என்பதையும் பாருங்கள்: ‘காருவாத் தெ லாஃபீத்’ என்பதில் லாஃபீத் பெயர் இருந்தாலும் அது இரண்டாம் ஒயின். ரசீதில் ஷாத்தோவின் முழுப்பெயர், அறுவடை ஆண்டு, பாட்டிலின் அளவு, பெட்டியில் எத்தனை, இன் பாண்ட் என்ற குறிப்பு, எதிர்பார்க்கும் வருகைக் காலம் எல்லாம் இருக்க வேண்டும். மேக்னம் கேட்டிருந்தால் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்பதும்.

ஷாத்தோக்கள் சரக்கைத் தவணை தவணையாக வெளியிடுவதும் உண்டு. முதல் தவணை முடிந்து இரண்டாம் தவணை ஏறிய விலைக்கு வந்தால், ஐந்தாம் படித் தாளை மறுபடியும் எடுத்துப் பாருங்கள். நேற்றைய மலிவு இன்றைக்கு மலிவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

படி 9: காத்திருங்கள், பிறகு திறங்கள்

ரசீதையும் மின்னஞ்சல்களையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். சரக்கு வந்ததும் கிடங்கின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வைப்பதானால் 12, 13 டிகிரி செல்சியஸ், இருட்டு, அசைவில்லாத இடம், தக்கை காயாதபடி பாட்டில் படுத்த நிலை. சமையலறை அலமாரியும் கொதிகலன் பக்கமும் ஆகாது. ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தில் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள்: இந்தியாவுக்குள் ஒரு பயணி தீர்வையின்றிக் கொண்டுவரக்கூடிய மது 2 லிட்டர்தான், 75 சென்டிலிட்டர் பாட்டிலில் இரண்டு.

முதல் ஆண்டு, நடுத்தர விலையுள்ள ஒரே ஒரு ஷாத்தோவின் 6 பாட்டில் பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வந்தவுடன் ஒன்றைத் திறந்து, இரண்டு மணி நேரம் குடுவையில் ஊற்றி வைத்துக் குடியுங்கள். வாங்கும்போது நீங்கள் படித்த குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் சொன்னது உங்கள் நாக்கோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒன்று. ஆறாவது பாட்டில் காலியாகும்போது எந்த விமர்சகரை நம்பலாம், துவர்ப்பு எப்போது இளகும், உங்களுக்கு எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்திருக்கும். அடுத்த வசந்தத்தில் விலை அறிவிப்புகள் வரும்போது “இன்றைக்கே ஏன்?” என்ற கேள்விக்குப் பதில் உங்களிடமே இருக்கும். சில ஆண்டுகளில் அந்தப் பதில் “வேண்டாம்” என்பதாகவும் இருக்கும். அந்த ஆண்டுகளில் மிஞ்சிய பணத்துக்கு, ஏற்கெனவே முதிர்ந்த ஒரு பாட்டிலை வாங்கி அன்றிரவே திறந்துவிடலாம்.